வென்றவர்களுக்கும் திறக்காத கதவு: ஹார்லெம் ரென்ஸ், 1939

1939 மார்ச் 28. சிகாகோ நகரில் முதலாவது உலகத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டித் தொடரின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் ஆல்-ஸ்டார்ஸ். நேஷனல் பாஸ்கெட்பால் லீக் என்ற பெரிய லீக்கில் அந்த ஆண்டு இறுதிச்சுற்று வரை போன வெள்ளையர் அணி. மறுபக்கம் நியூயார்க்கின் ஹார்லெமிலிருந்து வந்த ரினைசன்ஸ். ரசிகர்கள் வாயில் அது ‘ரென்ஸ்’. ஆடியவர்கள் கறுப்பர்கள், பயிற்சி கொடுத்தவர் கறுப்பர், அணியின் சொந்தக்காரரும் கறுப்பர். ஆட்டம் 34–25 என்று முடிந்தது. வென்றது ரென்ஸ்.

இன்று அமெரிக்கக் கூடைப்பந்து என்றால் உலகம் முழுவதும் என்.பி.ஏ. லீக்கைத்தான் சொல்கிறார்கள். அதன் சாம்பியன் பட்டியலில் இந்த வெற்றியைத் தேடினால் கிடைக்காது. அந்த லீக் தன் வரலாற்றை 1946இலிருந்து எழுதுகிறது. அதற்கு முன் நடந்தது முன்கதை. அந்த முன்கதையிலும் ரென்ஸ் ஒரு அடிக்குறிப்பு மட்டுமே.

நாம் இந்த அணியின் கதையை எடுப்பதற்குக் காரணம் ஒன்றுதான். ‘தகுதியை வளர்த்துக்கொள், கதவு தானாகத் திறக்கும்’ என்று ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையை இதைவிடக் கச்சிதமாகச் சோதித்துப் பார்த்த நிகழ்வு குறைவு. விளையாட்டில் தகுதியை மறைக்க முடியாது. பந்து கூடைக்குள் விழுந்ததா இல்லையா என்பதை அரங்கமே பார்க்கிறது. எண்கள் பலகையில் ஏறுகின்றன. நேர்காணலில் மதிப்பெண் குறைப்பது போல அங்கே குறைக்க இயலாது. அப்படிப்பட்ட இடத்தில், எதிரி கூட்டிய போட்டியில், எதிரி வைத்த நடுவர் முன்னால், கறுப்பர்கள் வென்றார்கள். பிறகு என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

ஹார்லெமில் ஒரு நடன அரங்கு

கூடைப்பந்து 1891இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் உருவாக்கிய ஆட்டம். ஒய்.எம்.சி.ஏ. கூடங்கள் வழியாக அது வேகமாகப் பரவியது. கறுப்பர்களுக்கு அந்தக் கூடங்கள் பெரும்பாலும் மூடியே கிடந்தன. அவர்கள் தங்களுக்கென்று மன்றங்களையும் தேவாலய அணிகளையும் கட்டி ஆடக் கற்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1950 வரை இப்படி ஆடிய கறுப்பர் அணிகளை இன்று ஆய்வாளர்கள் ‘பிளாக் ஃபைவ்ஸ்’ என்கிறார்கள். களத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர் என்பதால் அந்தப் பெயர்.

ராபர்ட் டக்ளஸ் கரீபியத் தீவான செயின்ட் கிட்ஸில் பிறந்தவர். இளம் வயதில் பிழைப்புக்காக நியூயார்க் வந்தார். கட்டட வாயிலில் காவலாளாக நின்று வேலை பார்த்தவருக்குக் கூடைப்பந்து மேல் பித்துப் பிடித்தது. முதலில் பொழுதுபோக்காக ஆடும் அணி ஒன்றை நடத்தினார். பிறகு ஆடுபவர்களுக்குச் சம்பளம் கொடுத்து முழுநேர அணி அமைக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். அணிக்கு ஆட ஓர் இடம் வேண்டும். ஹார்லெமில் 138ஆவது தெருவும் ஏழாவது அவென்யூவும் சந்திக்கும் முனையில் அப்போதுதான் ரினைசன்ஸ் என்ற கேளிக்கை அரங்கு எழுந்திருந்தது. அதன் உரிமையாளர் வில்லியம் ரோச்சும் கரீபியத்தவர், மொன்செராட் தீவுக்காரர். இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அணி அரங்கின் பெயரைச் சுமக்கும். அதற்கு ஈடாக அரங்கில் ஆடிக்கொள்ளலாம்.

1923 நவம்பர் 3 அன்று ரென்ஸின் முதல் ஆட்டம். எதிரே ஒரு வெள்ளையர் அணி. 28–22 என்று ரென்ஸ் வென்றது. ஆட்டம் நடந்தது நடனத் தளத்தின் மேல். ஆட்டம் முடிந்ததும் இசைக்குழு மேடையேறும், மக்கள் ஆடத் தொடங்குவார்கள். கூடைப்பந்தும் நடனமும் ஒரே சீட்டில்.

இந்த ஏற்பாட்டை நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அணி கறுப்பர் ஒருவருக்குச் சொந்தம். அரங்கு கறுப்பர் ஒருவருக்குச் சொந்தம். ஆட்டக்காரர்கள் பருவம் முழுவதற்கும் ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் வாங்கியவர்கள். செய்தி எழுதியவை பெரும்பாலும் ‘நியூயார்க் ஏஜ்’, ‘ஆம்ஸ்டர்டாம் நியூஸ்’, ‘சிகாகோ டிஃபெண்டர்’, ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ போன்ற கறுப்பர் வார இதழ்கள். உழைப்பு, உடைமை, கூடம், செய்தித்தாள் என நான்கும் சேர்ந்துதான் அந்த அணி. திறமையான ஐந்து பேர் கிடைத்துவிட்டதால் மட்டும் உருவானதல்ல அது.

ஒரு குறுக்குத் தகவல். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமை ஒட்டியே இருக்கிறது. தெற்கிலிருந்து வந்த கறுப்பர்கள் ஹார்லெமைத் தங்கள் நகராக மாற்றிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அவர் கிளம்பிய ஏழு ஆண்டுகளில் ரென்ஸ் பிறந்தது.

பேருந்தில் வாழ்ந்த அணி

ஹார்லெமில் மட்டும் ஆடிச் சம்பளம் கொடுக்க முடியாது. ஆகவே ரென்ஸ் ஊர் ஊராகப் போனது. அணிக்கென்று ஒரு பேருந்து. அதிலேதான் தூக்கம், அதிலேதான் சாப்பாடு. பல ஊர்களில் விடுதிகள் அறை தராது, உணவகங்கள் சோறு போடாது. அன்று மாலை அந்த ஊரே சீட்டு வாங்கிக்கொண்டு இவர்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்திருக்கும். கைதட்டிய அதே ஊர், ஆட்டம் முடிந்து பசியோடு வருபவர்களுக்கு ஒரு தட்டுச் சோறு தராது. கறுப்பர்கள் தங்க இடமுள்ள பெரிய நகரம் ஒன்றைத் தளமாக வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான மைல் போய் ஆடிவிட்டு அதே இரவில் திரும்புவது அவர்களுக்கு வழக்கமானது.

பணம் இன்னொரு சண்டை. அணியின் பயண மேலாளர் எரிக் இல்லிட்ஜ் அரங்கில் எத்தனை தலை என்று தானே எண்ணுவார். பேசிய தொகை கைக்கு வராமல் ஆட்டக்காரர்களைக் களத்தில் இறக்க மாட்டார். ஆட்டம் முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். கூலியை முன்னால் வாங்கு என்ற பாடத்தை யாரும் அவருக்குப் புத்தகத்தில் சொல்லித்தரவில்லை.

நடுவர்கள் மூன்றாவது சண்டை. உள்ளூர் நடுவர்கள் உள்ளூர் அணிக்குத்தான் ஊதுவார்கள். ரென்ஸ் ஆட்டக்காரர் ஜான் ஐசக்ஸ் பிற்காலத்தில் அணியின் வழக்கத்தை விளக்கியிருக்கிறார். முடிந்தவரை வேகமாகப் பத்துப் புள்ளி முன்னால் போய்விட வேண்டும். ஏனென்றால் அந்தப் பத்தும் எப்படியும் தங்கள் கணக்கில் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியும். சமமான ஆட்டத்தில் சமமாக ஆடினால் தோல்வி. வெல்ல வேண்டுமானால் பத்துப் புள்ளி கூடுதலாக ஆட வேண்டும். இதைப் படிக்கும் நம்மில் எத்தனை பேர் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் இந்தப் பத்துப் புள்ளியைச் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

அவர்கள் ஆடிய விதமும் இந்த வாழ்க்கையிலிருந்தே வந்தது. பந்தைத் தரையில் தட்டித் தனியே ஓடுவது குறைவு. கைக்குக் கை வேகமாக வீசி, எதிரிகள் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து கூடைக்கு அடியில் இருக்கும். பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய கல்லூரிப் பயிற்றுநராகப் பெயர் வாங்கிய ஜான் வுடன், இளம் வயதில் இண்டியானாவில் இவர்களை எதிர்த்து ஆடியவர். இவர்களுடைய கூட்டு ஆட்டத்தை அவர் வாய்நிறையப் புகழ்ந்திருக்கிறார்.

வுடனை வைத்தே இன்னொன்று சொல்லலாம். அவர் பயிற்றுவித்த யு.சி.எல்.ஏ. கல்லூரி அணி 1971 முதல் 1974 வரை தொடர்ந்து 88 ஆட்டங்கள் வென்றது. அமெரிக்க விளையாட்டில் அழியாப் புகழ் பெற்ற எண் அது. 1933இல் ரென்ஸ் தொடர்ந்து வென்ற ஆட்டங்களும் 88. ஜனவரி தொடங்கி மார்ச் இறுதிக்குள், 86 நாட்களில், பேருந்தில் தூங்கிக்கொண்டே எடுத்த 88. ஒரு 88 பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மற்றொன்றைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

1938–39

அந்தப் பருவத்தில் ரென்ஸ் 112 ஆட்டங்கள் வென்று 7 ஆட்டங்கள் மட்டும் தோற்றது. மொத்தம் 119. இன்றைய என்.பி.ஏ. அணி தனி விமானத்தில் பறந்து வழக்கமான பருவத்தில் ஆடுவது 82.

அணியில் யார் யார்? நடுவில் சார்லஸ் ‘டார்ஸன்’ கூப்பர், பிலடெல்பியாக்காரர். அவருக்குத் துணையாக உயரமான வில்லி ஸ்மித். இருவரும் 1933இன் 88 வெற்றிகளில் ஆடிய மூத்தவர்கள். இளையவர்களில் ஜான் ஐசக்ஸ், பனாமாவில் பிறந்து ஹார்லெமில் வளர்ந்தவர், உள்ளூர்ப் பள்ளி அணியிலிருந்து நேராக ரென்ஸுக்கு வந்தவர். வில்லியம் ‘பாப்’ கேட்ஸ், அலபாமாவில் பிறந்து ஹார்லெமில் பள்ளி ஆட்டம் ஆடியவர், அந்த ஆண்டுதான் அணியில் சேர்ந்த புதுமுகம். கூடவே பக்கி பெல், சாக் கிளேட்டன். இந்தக் கிளேட்டன் பின்னாளில் குத்துச்சண்டை நடுவரானார். 1974இல் கின்ஷாசாவில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதிய ஆட்டத்தை உள்ளே நின்று நடத்தியவர் அவர்தான். நடுவர்களால் ஆண்டுக்கணக்கில் ஏமாற்றப்பட்ட அணியிலிருந்து உலகம் பார்த்த ஒரு நடுவர் வந்தார்.

அந்த ஆண்டு வசந்தத்தில் ஹெர்ஸ்ட் குழுமத்தின் சிகாகோ நாளிதழ் ஒன்று உலகத் தொழில்முறைப் போட்டித் தொடரை அறிவித்தது. லீக் அணி, லீக் இல்லாத அணி, வெள்ளையர் அணி, கறுப்பர் அணி யாரும் வரலாம். நாட்டின் சிறந்த அணி எது என்று தெரிந்துவிடும், செய்தித்தாளும் விற்கும். 1937இல் தொடங்கிய நேஷனல் பாஸ்கெட்பால் லீக்கின் பல அணிகளை ஃபயர்ஸ்டோன், குட்இயர் போன்ற நிறுவனங்களே நடத்தின. 1939இல் அந்த லீக்கில் கறுப்பர் ஒருவரும் ஆடவில்லை. லீக்குக்குள் நுழைய முடியாதவர்களுக்கு இந்தப் போட்டித் தொடர் ஒரு வாய்ப்பு.

கறுப்பர் அணிகள் இரண்டு வந்தன. ஒன்று ரென்ஸ். மற்றொன்று ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ். பெயரில் ஹார்லெம் இருந்தாலும் அது சிகாகோவில் உருவான அணி. உரிமையாளர் ஏப் சேப்பர்ஸ்டீன் வெள்ளையர். ஆடுபவர்கள் கறுப்பர்கள் என்று ஊருக்குத் தெரிய ‘ஹார்லெம்’ என்று பெயர் வைத்தார். இந்த இரண்டு அணிகளும் அட்டவணையின் ஒரே பாதியில் வைக்கப்பட்டன. அதனால் இறுதி ஆட்டத்தில் இரண்டு கறுப்பர் அணிகள் நிற்க வழியே இல்லை. அடுத்த ஆண்டும் இரண்டும் இறுதிக்கு முன்பே மோத நேர்ந்தது.

நாக்-அவுட் என்பதால் ஒரு தோல்வி வந்தால் வீடு. ரென்ஸ் முதலில் நியூயார்க் யாங்கீஸ் என்ற கூடைப்பந்து அணியை 30–21 என்று வென்றது. அரையிறுதியில் குளோப்டிராட்டர்ஸை 27–23 என்று வென்றது. புள்ளிகள் குறைவாக இருப்பதைப் பார்த்து மந்தமான ஆட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 24 நொடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி 1954இல்தான் வந்தது. அதுவரை முன்னால் இருக்கும் அணி பந்தை எவ்வளவு நேரமும் கையில் வைத்துக்கொள்ளலாம். நாலு புள்ளி இடைவெளி என்பது பெரிய இடைவெளி.

இறுதியில் ஆஷ்காஷ். அவர்களிடம் லீராய் எட்வர்ட்ஸ் இருந்தார், அந்த லீக்கில் அதிகப் புள்ளி எடுத்துக்கொண்டிருந்த நடுக்கள ஆட்டக்காரர். முன்பே பலமுறை மோதிப் பழகிய அணிகள்; ஒருவர் பலம் மற்றவருக்குத் தெரியும். 34–25. தொடரின் சிறந்த ஆட்டக்காரராகப் பக்கி பெல் தேர்ந்தெடுக்கப்பட்டார். பரிசு 1,000 டாலர்.

காலத்தை நினைவில் வையுங்கள். இந்த வெற்றிக்குப் பன்னிரண்டு நாட்கள் கழித்து, 1939 ஏப்ரல் 9 அன்று, மாபெரும் பாடகி மரியன் ஆண்டர்சன் வாஷிங்டனில் லிங்கன் நினைவகப் படிகளில், திறந்தவெளியில் நின்று பாடினார். நகரின் பெரிய இசை அரங்கு கறுப்பர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. அந்த வசந்தத்தில் அமெரிக்காவின் தலைசிறந்த குரல்களில் ஒன்றுக்கு அரங்கு இல்லை. தலைசிறந்த கூடைப்பந்து அணிக்கு லீக் இல்லை.

ஒரு சொல்லை வெட்டிய பிளேடு

வெற்றிக்குப் பிறகு டக்ளஸ் ஆட்டக்காரர்களுக்கு மேலங்கி தைத்துக் கொடுத்தார். முதுகில் ‘கலர்டு வேர்ல்ட் சாம்பியன்ஸ்’ என்று எழுதியிருந்தது. ‘கலர்டு’ என்பது கறுப்பர்களுக்கு அன்று வழங்கிய பொதுச் சொல். கறுப்பர் அணிகளுக்குள் யார் முதல் என்பதற்கு அந்தப் பெயரில் ஒரு பட்டம் ஏற்கெனவே உண்டு. 1920களிலேயே ரென்ஸ் அதை வாங்கியிருந்தது. டக்ளஸ் பழக்கத்தில் அதையே போட்டிருக்கலாம்.

ஜான் ஐசக்ஸ் ஒரு சவர பிளேடை எடுத்து, நூலை ஒவ்வொன்றாக அறுத்து, ‘கலர்டு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டார். துணியைப் பாழாக்கிவிட்டாயே என்று டக்ளஸ் கேட்டாராம். பாழாக்கவில்லை, முன்னைவிட நன்றாக ஆக்கியிருக்கிறேன் என்பது ஐசக்ஸின் பதில். அவரே பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது.

இருபத்து மூன்று வயதுப் பையன் செய்த இந்தக் காரியத்தில் ஒரு முழு அரசியல் இருக்கிறது. அவர் தன் நிறத்தை மறைக்கவில்லை. அந்த அணியைப் பார்க்கும் யாருக்கும் அவர்கள் யார் என்று தெரியும். அவர் மறுத்தது, வெற்றியின் அளவைக் குறைக்கும் முன்னொட்டை. அவர்கள் சிகாகோவில் தோற்கடித்தது கறுப்பர் அணிகளை மட்டுமல்ல. எல்லாருக்கும் பொதுவான தொடரில் எல்லாரையும் வென்றுவிட்டு, ‘எங்களுக்குள் நாங்கள் முதல்’ என்று முதுகில் எழுதிக்கொள்ள வேண்டிய தேவை என்ன? வெள்ளையர் அணி வென்றிருந்தால் அதன் மேலங்கியில் ‘வெள்ளை உலகச் சாம்பியன்’ என்று யாரும் தைத்திருக்கப் போவதில்லை. முன்னொட்டு ஒரு பக்கத்துக்கு மட்டும்தான்.

கதவு

ஒரு வெற்றி தற்செயலாக இருக்கலாம் என்பார்கள். சரி, அடுத்த ஆண்டுகளைப் பார்ப்போம். 1940இல் குளோப்டிராட்டர்ஸ் சாம்பியன். 1943இல் வாஷிங்டன் பேர்ஸ். போர்க்காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்து ரென்ஸின் பயணங்கள் சுருங்கிவிட, கேட்ஸ், ஐசக்ஸ், கிளேட்டன், கூப்பர் எல்லாரும் அந்தக் கறுப்பர் அணியில் ஆடினார்கள். இறுதியில் அவர்கள் 43–31 என்று வென்றது அதே ஆஷ்காஷை. ஆக, அந்தத் தொடரின் முதல் ஐந்து ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் சாம்பியன் முழுக்கக் கறுப்பர் அணி. தற்செயல் இவ்வளவு ஒழுங்காக வராது.

1946இல் பெரிய நகர அரங்குகளின் உரிமையாளர்கள் சேர்ந்து பாஸ்கெட்பால் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற புதிய லீக்கைத் தொடங்கினார்கள். இன்றைய என்.பி.ஏ. தன் பிறப்பாகக் கொள்வது இதைத்தான். 1947இல் ரென்ஸைச் சேர்த்துக்கொள்ளும் பேச்சு வந்தபோது நியூயார்க் நிக்ஸ் அணியின் பயிற்றுநர் ஜோ லேப்சிக் ஆதரித்துப் பேசினார். அவர் பழைய ஒரிஜினல் செல்டிக்ஸ் அணிக்காக ரென்ஸோடு பல ஆண்டுகள் மோதியவர். களத்தில் கூப்பரைக் கைகுலுக்குவதோடு நிறுத்தாமல் எல்லார் முன்னாலும் கட்டித் தழுவுவார். அவர் பேச்சு எடுபடவில்லை. உரிமையாளர்கள் மறுத்தார்கள். 1925இல் முதல் பெரிய லீக் தொடங்கியபோதும் ரென்ஸுக்கு இதே பதில்தான் கிடைத்திருந்தது.

1948 ஏப்ரலில், உலகத் தொடரின் கடைசி இறுதி ஆட்டத்தில், ரென்ஸ் மினியாபொலிஸ் லேக்கர்ஸோடு மோதியது. லேக்கர்ஸில் ஜார்ஜ் மைக்கன், அந்தக் காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரம். அவரை வைத்துக்கொண்டும் லேக்கர்ஸ் நாலே புள்ளியில்தான் பிழைத்தது: 75–71. லேக்கர்ஸ் அடுத்த சில ஆண்டுகளில் என்.பி.ஏ.வின் முதல் பேரரசானது. அவர்களை மூச்சுத் திணற வைத்த அணி எங்கே போனது?

ஒஹையோ மாநிலத்தின் டேட்டனுக்குப் போனது. 1948 டிசம்பரில் நேஷனல் பாஸ்கெட்பால் லீக்கில் டெட்ராய்ட் அணி நடுவிலேயே கவிழ்ந்தது. அந்தக் காலி இடத்தை நிரப்ப ரென்ஸை அழைத்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக மூடிக் கிடந்த கதவு, பருவத்தின் நடுவில், செத்த அணியின் இடத்தை நிரப்பத் திறந்தது. டெட்ராய்ட் விட்டுப்போன 2 வெற்றி 17 தோல்வியும் இவர்கள் தலையில் ஏறியது. சொந்த ஊர் இல்லை, வயதான ஆட்டக்காரர்கள், சேர்ந்த நாளே அட்டவணையின் அடியில். பாப் கேட்ஸ் பயிற்றுநராகவும் ஆட்டக்காரராகவும் நின்றார். தாங்களாக 14 வென்று 26 தோற்றார்கள். வெள்ளையர் லீக் ஒன்றில் இடம்பெற்ற முதல் முழுக் கறுப்பர் அணி என்ற பெயர் வரலாற்றில் இந்த நொறுங்கிய பருவத்துக்குத்தான் கிடைத்தது. நல்ல காலத்தில் உள்ளே விடாமல், தேய்ந்த பிறகு உள்ளே விட்டு, பார்த்தீர்களா தோற்றுவிட்டார்கள் என்று சொல்வது பழைய தந்திரம்.

1949இல் இரண்டு லீக்குகளும் இணைந்து என்.பி.ஏ. ஆனது. இணைப்பில் ரென்ஸ் இல்லை. ஆஷ்காஷ் போன்ற சிற்றூர் அணிகளும் அப்போது கழிக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் ஆஷ்காஷுக்கு லீக்கில் ஆட 12 பருவங்கள் கிடைத்தன. ரென்ஸுக்குக் கிடைத்தது அரைப் பருவம்.

அடுத்த ஆண்டே, 1950இல், என்.பி.ஏ. கறுப்பர்களைச் சேர்த்தது. பாஸ்டன் அணி சக் கூப்பரைத் தேர்ந்தெடுத்தது. வாஷிங்டனுக்காக ஏர்ல் லாய்ட் களம் இறங்கினார். நியூயார்க், முன்பு ரென்ஸில் ஆடிய நாட் கிளிஃப்டனை வாங்கியது. பயிற்றுநர் அதே லேப்சிக். இது பெரிய வெற்றிதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். அந்த மூவரும் பட்ட அவமானங்கள் கொஞ்சமல்ல.

ஆனால் உள்ளே போனது என்ன, வெளியே நின்றது என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆட்டக்காரர்கள் தனித்தனியாக உள்ளே போனார்கள். டக்ளஸ் வெளியே நின்றார். அவர் கட்டிய அணி, பயிற்றுநர் நாற்காலி, கணக்குப் புத்தகம், சீட்டு விற்ற பணம் எல்லாம் வெளியே நின்றன. கறுப்பரின் உடல் வலிமைக்கு லீக்கில் இடம் கிடைத்தது. கறுப்பரின் உடைமைக்கும் நிர்வாக அறிவுக்கும் கிடைக்கவில்லை. என்.பி.ஏ.வில் முதல் கறுப்பர் பயிற்றுநராக பில் ரஸல் வர 1966 ஆனது. ஒரு கறுப்பர் பெரும்பான்மைப் பங்குடன் அணி ஒன்றைச் சொந்தமாக்க, ராபர்ட் ஜான்சனுக்கு சார்லட் அணி வழங்கப்பட்டபோது, ஆண்டு 2002. டக்ளஸ் 1923இலேயே செய்ததை லீக் அனுமதிக்க எழுபத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன.

‘சேர்த்துக்கொண்டோம்’ என்று அவர்கள் சொல்லும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: ஆளைச் சேர்த்தீர்களா, அதிகாரத்தைச் சேர்த்தீர்களா? நம்மில் நாலு பேரைப் பொறுக்கி உள்ளே எடுத்துக்கொண்டு, நாமாகக் கட்டிய அமைப்பை வெளியே பட்டினி போட்டால், அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைக்க முடியுமா?

மறதி யார் செய்த வேலை

குளோப்டிராட்டர்ஸை உலகத்துக்கே தெரியும். பந்தை விரல் நுனியில் சுழற்றி, வேடிக்கை காட்டி, நாடு நாடாகப் போன அணி. அவர்கள் வேடிக்கைக்குப் பின்னால் இருந்த திறமை அசாத்தியமானது, அந்தப் பிழைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. இருந்தாலும் எதை நினைவில் வைக்கிறார்கள் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. சிரிக்க வைத்த கறுப்பர் அணி நினைவில் நின்றது. சிரிக்காமல் வந்து, கூலியை முன்னால் வாங்கி, வென்றுவிட்டுப் பேருந்தில் ஏறிப்போன கறுப்பர் அணி மறக்கப்பட்டது.

27 ஆண்டுகளில் ரென்ஸ் 2,588 ஆட்டங்கள் வென்றது, 539 தோற்றது. இந்த எண்ணிக்கை நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் அந்தக் கறுப்பர் வார இதழ்கள். பெரிய நாளிதழ்கள் விட்டுவிட்ட ஆட்டங்களை அவை வாரம் தவறாமல் அச்சிட்டன. அந்தத் தாள்களிலிருந்துதான் கிளாட் ஜான்சன் போன்ற ஆய்வாளர்கள் இந்த வரலாற்றை மீட்டெடுத்தார்கள். ஹார்லெமில் பிறந்த கரீம் அப்துல்-ஜப்பார் ரென்ஸைப் பற்றி நூல் எழுதினார், ஆவணப்படமும் எடுத்தார்.

அங்கீகாரம் தவணை முறையில் வந்தது. கூடைப்பந்துப் புகழரங்கம் 1963இல் அணியைச் சேர்த்தது. டக்ளஸ் 1972இல் அங்கே இடம்பெற்றார், தனிநபராக முதல் கறுப்பர். கேட்ஸுக்கு 1989. ஐசக்ஸ் பல பத்தாண்டுகள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் சிறுவர் மன்றத்தில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டு 2009இல் இறந்தார். புகழரங்கம் அவரை அழைத்தது 2015இல். அதே 2015இல், முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பாழடைந்து கிடந்த ரினைசன்ஸ் அரங்கு இடிக்கப்பட்டது. ஆளுக்குப் பதக்கம் வந்த ஆண்டில் கட்டடம் போனது.

தோழர்களே, இந்தக் கதையிலிருந்து திறமை வீண் என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. அந்த 34–25 இல்லாமல் பேசுவதற்கு நமக்கு எதுவுமே இருந்திருக்காது. பிள்ளைகள் படிக்கட்டும், ஆடட்டும், வெல்லட்டும். அவர்கள் தோற்றால் திறமை இல்லை என்பார்கள். வென்றால் முன்னொட்டுப் போடுவார்கள். முன்னொட்டை அறுத்தால் பட்டியலைப் புதிய ஆண்டிலிருந்து தொடங்குவார்கள். அதை முன்கூட்டியே அறிந்துகொண்டு ஆடுவதுதான் ரென்ஸ் சொல்லித்தரும் பாடம். சாம்பியன் யார் என்பதைக் களம் தீர்மானிக்கிறது. சாம்பியனாக யார் பதிவாகிறார் என்பதைப் பதிவேட்டை வைத்திருப்பவர் தீர்மானிக்கிறார். ஆகவே வெல்லும் பிள்ளைகளோடு கூடவே, நமக்கென்று கூடமும், பத்திரிகையும், கணக்கு எழுதும் கையும் வேண்டும். ரென்ஸுக்கு அவை இருந்தன. அதனால்தான் எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் அந்த எண்ணை நாம் சொல்ல முடிகிறது: முப்பத்து நாலு, இருபத்தைந்து.